தாழ்ப்பாள் அவளிடம்

துப்பாக்கி என்ற வார்த்தையைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது கொலைக் கதை அல்ல. வேட்டைக் கதையும் அல்ல. என்னிடம் இருக்கும் துப்பாக்கி இந்த நிமிஷம் வரை காகிதத்தைத் தவிர வேறொன்றையும் துளைத்ததில்லை. அந்தக் காகிதத்தையும் நான் நினைத்த இடத்தில் துளைத்தது அபூர்வம். அந்தச் சமாசாரத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் முப்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். கணக்கு எழுதிப் பிழைத்தவன். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும், எல்லாரும் கேட்கிற கேள்வியை என்னையும் கேட்டார்கள்: "இனிமேல் பொழுது எப்படிப் போகும்?" எனக்கும் தெரியவில்லை. அப்படித் தெரியாமல் இருந்த ஒரு சனிக்கிழமையன்று பக்கத்து வீட்டுப் பெரியவர், "சும்மா இருக்கிறீர்களே, என்னோடு வாருங்களேன்" என்று காரில் ஏற்றிக்கொண்டு போனார். போன இடம் துப்பாக்கி சுடும் மைதானம்.

பெரியவர் கடைசல் பட்டறையில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். இரும்பைக் கையில் எடுத்தால் ஆயிரத்தில் ஒரு அங்குலம் கூடவா குறைவா என்று சொல்லிவிடுவார். வாலிபத்தில் வெறும் கண்ணால் குறி பார்த்து எத்தனையோ பந்தயங்களில் சுட்டவராம். எழுபதைத் தாண்டியதும் கண் மங்கிற்று. தோளில் வலு குறைந்தது. அதோடு நிறுத்திக்கொண்டாரா என்றால், இல்லை. இந்த மாதிரி ஆசாமிகளுக்காகவே ஒரு பந்தயம் ஏற்பட்டிருக்கிறது. எஃப் கிளாஸ் என்று பெயர். கானடாவில் ஜார்ஜ் ஃபார்க்கர்சன் என்று ஒருவர் இருந்தார். வயதானவர்களும் விளையாட்டை விடாமல் இருக்க, துப்பாக்கியைத் தரையில் தாங்கி வைத்துக்கொண்டு, ஸ்கோப் என்கிற தூரதரிசினிக் குழாய் வழியாகக் குறி பார்க்கலாம் என்று வழி செய்தார். அவர் பெயரின் முதல் எழுத்துத்தான் அந்த எஃப்.

மைதானத்தில் குப்புறப் படுத்து, பெரியவரின் துப்பாக்கியில் ஐந்து தோட்டா சுட்டேன். இலக்கு 600 கெஜத்துக்கு அப்பால், தபால்தலை மாதிரி தெரிந்தது. நாலாவது தோட்டா நட்ட நடுவில் விழுந்தது. அது அதிர்ஷ்டம் என்று இப்போது தெரியும், அன்றைக்குத் தெரியவில்லை. வீடு திரும்புவதற்குள் எனக்குத் தனியாக ஒரு துப்பாக்கி வேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன்.

தீர்மானம் என்னுடையது. அனுமதி வேறிடத்திலிருந்து வரவேண்டும் அல்லவா?

"பேரன் வந்து போகிற வீடு இது" என்றாள் என் மனைவி. அவ்வளவுதான். கோபிக்கவில்லை, அழவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இந்த ஊரில் செய்தித்தாளைப் பிரித்தால் அவள் பயத்துக்கு நியாயம் முதல் பக்கத்திலேயே கிடைக்கும். விளையாட்டு, சாந்தம், மனஸை ஒருமுகப்படுத்தும் பயிற்சி என்றெல்லாம் நான் அளந்தது எனக்கே சப்பென்று இருந்தது. மூன்று வாரம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நாலாவது வாரம் அவளே கேட்டாள். "என்னங்க, அந்தத் துப்பாக்கியில் எதைக் கழற்றினால் அது சுடாது?"

"போல்ட்" என்றேன்.

இங்கே வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். நம் ஊர்க் கொல்லைப்புறக் கதவில் இரும்புத் தாழ்ப்பாள் இருக்குமே, பிடியைத் தூக்கி, பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளி, கீழே மடக்குவோமே, அதேதான் இது. ஜெர்மனியில் மவுசர் 1898-ல் செய்த துப்பாக்கியில் இந்தத் தாழ்ப்பாள் திட்டமான உருவம் பெற்றது. இன்றைக்குச் செய்கிறவையும் பெரும்பாலும் அதன் பேரன், கொள்ளுப்பேரன்தான். பிடியைத் தூக்கி இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். தள்ளி மடக்கினால் புதுத் தோட்டா அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. தாழ்ப்பாளை முழுக்க உருவி எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஓர் இரும்புக் குழாயும் ஒரு கட்டையும். அதை வைத்துக்கொண்டு மாம்பழம் கூடப் பறிக்க முடியாது.

"சரி, துப்பாக்கி உங்களுடையது, போல்ட் என்னுடையது" என்றாள். "துப்பாக்கி இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்கட்டும். தோட்டா வேறு பெட்டியில், வேறு அறையில். போல்ட் என் பீரோவில். வேண்டும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்."

நாட்டுக்கு நாடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களில் கூட இவ்வளவு தெளிவு இருக்காது. ஒப்புக்கொண்டேன்.

பிறகுதான் எதை வாங்குவது என்ற பிரச்னை. எஃப் கிளாஸில் பந்தயத்துக்கென்றே செய்த துப்பாக்கிக்கு மூவாயிரம் டாலர், நாலாயிரம் டாலர் என்பது சர்வ சாதாரணம். நான் ஒதுக்கியது எல்லாம் சேர்த்து ஆயிரம். கடைக்குப் போனால் கண்ணைப் பறிக்கிற சரக்குகள். ரெமிங்டன் 700 என்று ஒன்று 1962-லிருந்து வருகிறது. அதற்கு மாட்டுவதற்கு என்ன உபகரணம் கேட்டாலும் கிடைக்கும். ஃபின்லாந்தின் டிக்கா வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். ஜப்பானின் ஹோவாவும் நல்ல சரக்கு. நான் ஒவ்வொன்றாகத் தூக்கித் தோளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் மூலையில் சார்த்தியிருந்த, கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை போட்ட, பழைய துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். சாவேஜ் கம்பெனியின் 10 எஃப்.பி. என்ற மாடல். விலை 450 டாலர். சட்டி பானை கூட அதைவிட லட்சணமாக இருக்கும்.

வீட்டில் பெயரைச் சொன்னதும் மனைவி திடுக்கிட்டாள். "துப்பாக்கிக்குப் பெயரே காட்டுமிராண்டியா?"

அது கம்பெனியை ஆரம்பித்தவரின் குடும்பப் பெயர் என்று சமாதானம் சொன்னேன். ஆர்தர் சாவேஜ் என்பவர் 1857-ல் ஜமெய்க்காவில் பிறந்தவர். 1894-ல் நியூயார்க் மாநிலத்து யூட்டிகா நகரில் கம்பெனியைத் தொடங்கினார். அந்தக் கம்பெனி 1988-ல் கிட்டத்தட்ட மூழ்கியே போயிற்று. கடைசியில் மற்றச் சரக்குகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, 1958-லிருந்து செய்துவந்த 110 என்ற மாடலை மட்டும் நம்பித் தலைதூக்கியது. என் துப்பாக்கி அந்த 110-க்குத் தம்பி முறை.

பெரியவர் அதை ஏன் பொறுக்கினார் என்பதுதான் முக்கியம். மற்றத் துப்பாக்கிகளில் குழலைத் தோள்வரை முறுக்கிப் பூட்டியிருப்பார்கள். குழல் தேய்ந்தால் கடைசல் யந்திரம் உள்ள பட்டறைக்குத்தான் போகவேண்டும். பட்டறைக் கூலி குழல் விலையை எட்டிப் பிடிக்கும். சாவேஜில் குழலின் அடியில் ஒரு பெரிய மரையாணி வளையம் இருக்கிறது. அதைத் தளர்த்திக் குழலைக் கழற்றலாம். புதுக் குழலை மாட்டி, அளவுக் கட்டை ஒன்றை அறைக்குள் வைத்து, தாழ்ப்பாள் அதன்மேல் சரியாக மூடும்வரை திருகி, வளையத்தை இறுக்கலாம். கொஞ்சம் நீளமான இன்னோர் அளவுக் கட்டையை வைத்தால் தாழ்ப்பாள் மூடக்கூடாது. இரண்டு சோதனையும் தேறினால்தான் சுடலாம். தேறாமல் சுட்டால் வெடிப்பது முகத்துக்கு நாலு அங்குலத்தில் என்பதால் பெரியவர் இந்த இடத்தில் மட்டும் சிரிக்கமாட்டார்.

இன்னொன்று, தாழ்ப்பாளின் தலை. சாவேஜில் தலை தனித் துண்டு. ஓர் ஊசியில் கோத்து லேசாக ஆடுகிறமாதிரி விட்டிருக்கிறார்கள். ஆடினால் கோளாறு என்றுதான் நானும் நினைத்தேன். அப்படியில்லை. மூடும்போது அந்தத் தலையின் இரண்டு காதுகளும் தாமே சமமாகப் பொருந்தி உட்கார்ந்துவிடுகின்றன. மற்றவர்கள் மணிக்கணக்காக அரத்தால் ராவிச் செய்கிற பொருத்தத்தை, செலவில்லாமல் ஓர் ஆட்டத்தால் சாதித்துவிட்டார்கள். சிக்கனமாகச் செய்யப்போய்த் திறமையாக முடிந்த காரியம் என்று பெரியவர் சொன்னதும் எனக்குள் இருந்த கணக்கன் விழுந்துவிட்டான். விசையும் அப்படியே: சிறு திருகாணியைத் தளர்த்தினால் விசையின் பளு குறையும். நடுவில் ஒரு மெல்லிய தகடு. விரல் அதை அழுத்தாமல் விசை விடுபடாது.

தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குச் சிரமம் வைக்கவில்லை. இந்த நாளில் நெடுந்தூரத்துக்கு 6.5 கிரீட்மோர் என்ற தோட்டாவுக்குத்தான் மவுசு, 2007-ல் வந்தது. காற்றில் குறைவாக விலகும் என்பது வாஸ்தவம். ஆனால் எஃப் கிளாஸில் எஃப்.டி.ஆர். என்ற பிரிவில் .223, .308 என்ற இரண்டே தோட்டாவுக்குத்தான் இடம். துப்பாக்கியும் தாங்கு கால்களும் ஸ்கோப்பும் சேர்ந்து 8.25 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. ஏழைக்கேற்ற பிரிவு என்று பெரியவர் சொன்னார். முழுக்க உண்மையல்ல, அதிலும் நாலாயிரம் டாலர்காரர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் 1952-ல் வின்செஸ்டர் கம்பெனி கொண்டுவந்த .308-க்குத் தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்கும். குழலும் கிரீட்மோர் குழலைவிட நெடுநாள் உழைக்கும். அதுவே போதும் என்று முடிவாயிற்று.

கடைக்காரர் மத்திய சர்க்காரின் பாரத்தை நீட்டினார். பைத்தியமா, குற்றவாளியா, ஓடி ஒளிந்தவனா என்று வரிசையாகக் கேள்விகள். நிரந்தரக் குடியுரிமை அட்டையைக் காட்டினேன். மேலிடத்தில் என் ஜாதகத்தைப் பார்த்துச் சரி என்றார்கள். அரைமணி நேரத்தில் காட்டுமிராண்டி என் காருக்கு வந்துவிட்டது. போல்ட் மட்டும் கைக்குட்டையில் சுற்றியபடி மனைவி கைக்குப் போயிற்று.

இனி ஒப்பனைப் படலம். எனக்கு உபகரணங்களின் விலைப் பட்டியல் ஒன்று கிடைத்திருந்தது. அலுமினியக் கூடு, குழல்வாய்க்குக் கிரீடம் மாதிரி ஒன்று, தோட்டாப் பட்டை என்று சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருந்தேன். பெரியவர் பட்டியலை வாங்கி மடித்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு டாலர் நோட்டை எடுத்துக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் நுழைத்து இழுத்தார். பாதியில் சிக்கிற்று.

"இதுதான் வியாதி" என்றார்.

சுடும்போது குழல் வீணைத் தந்தி மாதிரி அதிர்கிறது. தந்தியில் எங்கேயாவது விரல் பட்டால் சுருதி மாறுகிறதல்லவா? அதுபோல் கட்டை குழலில் பட்டால் குண்டு போகிற வழி மாறுகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பட்டாலாவது தேவலை. அந்தப் பிளாஸ்டிக் கட்டை, தாங்கு காலில் சற்று அழுத்தினால் ஒரு மாதிரி, அழுத்தாவிட்டால் ஒரு மாதிரி வளைந்துகொடுத்தது. ஆகவே முதல் செலவு, மரத் தகடுகளை ஒட்டிச் செய்த ஒரு கனமான கட்டை. 140 டாலர். குழல் படுக்கும் பள்ளத்தை, உருளைக் குச்சியில் உப்புத்தாள் சுற்றி இரண்டு மாலை தேய்த்து அகலப்படுத்தினேன். டாலர் நோட்டை இரண்டாக மடித்து இழுத்தாலும் ஓடும்படி ஆயிற்று.

அடுத்தது படுக்கை போடுவது. இரும்பும் மரமும் சேர்கிற இடத்தில் இடுக்கு இல்லாமல் எப்பாக்சிப் பசையால் அச்சு வார்ப்பார்கள். பசை, இரும்பின் வடிவத்தை அப்படியே பிடித்துக் கல்லாக இறுகும். பிறகு துப்பாக்கி ஒவ்வொரு உதைக்கும் அதே இடத்தில் வந்து உட்காரும். செலவு 25 டாலர். ஆனால் ஜாக்கிரதை முழுவதும் இதில்தான். இரும்பில் பசை ஒட்டாமலிருக்க நிறமில்லாத பூட்ஸ் பாலிஷை எல்லா இடத்திலும் பூசவேண்டும். திருகாணித் துளைகளைப் பேரனின் களிமண்ணால் அடைக்கவேண்டும். சாவேஜில் பின்பக்கத்து வால் மட்டும் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கவேண்டும். அங்கே பட்டை ஒட்டி இடைவெளி விட்டேன். எல்லாம் செய்து, பசையைப் பூசி, துப்பாக்கியை அதன்மேல் படுக்கவைத்துவிட்டு, இருபத்துநாலு மணி நேரம் தொடக்கூடாது என்று நானும் போய்ப் படுத்தேன்.

இரவு 2 மணிக்கு விழிப்புக் கொடுத்தது. உதையைத் தாங்குகிற இரும்பு நாக்கு ஒன்று கீழே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பாலிஷ் பூசினேனா, இல்லையா? பூசியிருக்காவிட்டால் இரும்பும் மரமும் ஜன்மத்துக்கும் பிரியாது. 590 டாலர் உலக்கையாகிவிடும். எழுந்து கூடத்தில் உலாவினேன். மனைவி எழுந்து வந்து, "மார்வலியா?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். காலையில் ரப்பர் சுத்தியால் லேசாகத் தட்டினேன். டக் என்று கழன்றது. பாலிஷ் பூசித்தான் இருந்திருக்கிறேன்.

ஸ்கோப் விஷயத்தில் பெரியவர் கஞ்சத்தனத்தை அனுமதிக்கவில்லை. 10 மடங்கு பெரிதாகக் காட்டும் ஸ்கோப், 300 டாலர். ஆயிரம் கெஜத்துக்குச் சுடுகிறவனுக்கு ஸ்கோப்பின் மேல் இருக்கும் குமிழ்கள் கணக்குப் புத்தகம் மாதிரி. ஒரு வட்டத்தில் 360 பாகை. ஒரு பாகையில் 60 மினிட். ஒரு மினிட் கோணம் 100 கெஜத்தில் சுமார் ஓர் அங்குலம். 1000 கெஜத்தில் பத்து அங்குலம். என் .308 குண்டு ஆயிரம் கெஜம் போவதற்குள் முப்பது அடிக்கும் மேலே கீழிறங்கிவிடுகிறது. அதை ஈடுகட்டக் குமிழைத் திருப்பித் திருப்பிக் குழலை வானத்தைப் பார்க்கச் செய்யவேண்டும். குமிழுக்கும் ஓர் எல்லை உண்டு. அதனால் ஸ்கோப்பைத் தாங்கும் தண்டவாளத்தையே 20 மினிட் சரிவாகச் செய்து விற்கிறார்கள், 45 டாலர். தாங்கு கால் 90. ஆகக் கூடுதல் 1,050. ஐம்பது டாலர் துண்டு விழுந்ததை மனைவியின் நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன்.

இவ்வளவும் செய்து முதல் நாள் 100 கெஜத்தில் ஐந்து தோட்டா சுட்டேன். ஐந்தும் ஒரு ரூபாய் அளவில் விழவேண்டியது. சாதத் தட்டு அளவுக்குச் சிதறின. மறுபடி சுட்டேன். அதைவிட மோசம். ஒரு தோட்டா ஒன்றரை டாலருக்குக் குறையாது. நாற்பது தோட்டா தீர்ந்தது. குழல்தான் தேய்ந்தது, பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரை மனஸில் வைதுகொண்டே வீடு திரும்பினேன். புதுக் குழல் 350 டாலர். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். கடைசியில் பெரியவரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் துப்பாக்கியை வாங்கி, ஸ்கோப்பைக் கையால் பிடித்து ஆட்டினார். திருப்புளியை எடுத்தார். தண்டவாளத்தின் முன் திருகாணி ஒன்று ஒரு முழுச் சுற்றுச் சுற்றிற்று.

"350 டாலருக்கு இந்தத் திருகாணியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

அதை இறுக்காமல் விட்டவன் நானேதான். கடைக்காரரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இதற்குப் பிறகு அளவு காட்டி முறுக்கும் ரெஞ்ச் ஒன்றை வாங்கினேன். அது நோட்டில் ஏறவில்லை. என் பிறந்தநாளுக்குப் பையன் கொடுத்த பணம் அது.

துப்பாக்கி திருந்திற்று. ஆள் திருந்தவில்லை. விசையை இழுக்கும்போது நான் துளி நடுங்குகிறேன் என்றார் பெரியவர். அதற்கு மருந்து, வீட்டிலேயே, தோட்டா இல்லாமல் சுடுவது. குழலின் முனையில் ஒரு காசை வைத்து விசையை அழுத்தவேண்டும். காசு விழக்கூடாது. தோட்டாப் பெட்டி வேறு அறையில் பூட்டியிருக்க, அறையில் தோட்டா இல்லை என்று இரண்டு பேர் பார்த்துச் சொல்லவேண்டும் என்பது விதி.

இரண்டாவது ஆள் வேறு யார்? தினமும் மாலை விளக்கேற்றியதும் போல்ட்டைக் கொண்டுவந்து கொடுப்பாள். தோட்டா அறை காலியா என்று தானே விரலை விட்டுப் பார்ப்பாள். பிறகு சோபாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே எண்ணுவாள். "விழுந்தது. விழுந்தது. ஊம், நின்றது. விழுந்தது." முதல் வாரம் இருபதுக்குப் பன்னிரண்டு விழுந்தது. ஒரு நாள் அவளே, "நீங்கள் மூச்சைப் பிடிக்கிறதற்கு முன்னாலேயே அவசரப்படுகிறீர்கள்" என்றாள். பெரியவர் சொன்னபோது புரியாதது அப்போது புரிந்தது. மூன்றாவது மாதம் இருபதுக்கு இரண்டு. அவளுக்கு என்னைவிடச் சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

வெய்யில் காலம் வந்தது. 600 கெஜப் பந்தயம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்தேன். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து, 90 மைல் பிரயாணம் செய்து, படுக்கிற பாயை விரித்து, மண் மூட்டையை வைத்து, துப்பாக்கிப் பெட்டியைத் திறந்தேன்.

போல்ட் இல்லை.

பெரியவர் என் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. மைதானம் முழுக்கச் செய்தி பரவிற்று. "அடடா, எனக்கும் ஒரு தடவை நடந்ததுண்டு" என்று மூன்று பேர் வந்து கைகுலுக்கினார்கள். வீட்டுக்குப் போன் செய்தேன். "என்னை எழுப்பியிருக்கலாமே?" என்றாள். தூங்குகிறவளை எழுப்பவேண்டாம் என்று நான் மெதுவாகக் கிளம்பியது எனக்கே தியாகமாகத் தோன்றியிருந்தது.

சுட முடியாதவனைக் குழிக்கு அனுப்பினார்கள். குழி என்பது இலக்குகளுக்குக் கீழே, மண் மேட்டுக்கும் சுவருக்கும் பின்னால் உள்ள பள்ளம். இந்தப் பந்தயத்தில் ஒரு பாதிப்பேர் சுட, மறு பாதிப்பேர் குழியில் நின்று அவர்களுக்கு இலக்கை இழுத்துக் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் சட்டத்தைக் கீழே இழுத்து, துளையில் ஒரு வட்டத் தகட்டைச் செருகி, பழைய துளையைக் காகிதத்தால் ஒட்டி, மறுபடி மேலே தள்ளவேண்டும். நெல் குத்துகிற மாதிரி வேலை. தலைக்குமேல் குண்டு சவுக்குச் சொடுக்குவதுபோல் போகும்; துப்பாக்கி வெடித்த சத்தம் அதற்குப் பிறகு சாவகாசமாக வந்து சேரும்.

அன்று காலை முழுவதும் ஒரே இலக்கைப் பார்த்துக்கொண்டு நின்றதில் எனக்கு ஒன்று விளங்கிற்று. துளைகள் மேலும் கீழும் அதிகம் நகரவில்லை. இடமும் வலமுமாகத்தான் நகர்ந்தன. அதுவும் கும்பல் கும்பலாக. நாலு குண்டு இடப்பக்கம், பிறகு காற்றுக்கொடி புரண்டதும் மூன்று வலப்பக்கம். சுடுகிறவரின் துப்பாக்கியில் பிழையே இல்லை. நாலாயிரம் டாலர் துப்பாக்கி என்று பிறகு கேள்விப்பட்டேன். காற்றுக்கு அந்த விலை தெரியவில்லை.

அப்புறம் கானலைப் பார்க்கப் பழகினேன். வெய்யிலில் தார் ரோட்டின்மேல் தண்ணீர் ஓடுகிறமாதிரி தெரியுமே, அந்தக் கானல்தான். தொலைநோக்கியில் அதைப் பார்த்தால், காற்று எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் கானலும் வாய்க்கால் மாதிரி ஓடும். காற்று நின்றால் உலையில் அரிசி கொதிக்கிறமாதிரி நேரே மேலே கொதிக்கும். மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்குக் காற்று அடித்தால் ஆயிரம் கெஜத்தில் என் குண்டு ஏழு அடிக்கும் மேல் விலகும். நடு வளையமோ பத்து அங்குலம். அதற்குள்ளே இருக்கிற எக்ஸ் வளையம் ஐந்தே அங்குலம்.

மறு வருஷம் செப்டம்பரில் ஆயிரம் கெஜத்துக்குப் போனோம். ஆமாம், போனோம். "போல்ட்டை நானே கொண்டுவருகிறேன்" என்று கைப்பையில் வைத்துக்கொண்டு, புளியோதரைப் பொட்டலத்தோடு அவளும் காரில் ஏறிவிட்டாள். வழியெல்லாம் கைப்பையை மடியைவிட்டு இறக்கவில்லை.

என் முறை வந்தது. அவள் பின்னால் மடக்கு நாற்காலியில் தொலைநோக்கியோடு உட்கார்ந்தாள். சுடுகிறவருக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது விதி என்று பெரியவர் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இருபது தோட்டா. குண்டு போய்ச்சேர ஒன்றரை விநாடிக்கு மேலாகும். அந்த ஒன்றரை விநாடியில் நம்மால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. முதல் குண்டு 9. அடுத்தது 10. அப்புறம் காற்று திரும்பியதைக் கவனிக்காமல் ஒரு 7. கோபத்தில் உடனே சுட்டு ஒரு 6. மூன்றாவதாக விரல் விசைக்குப் போனது. பின்னாலிருந்து லேசாக ஒரு கனைப்பு. கனைக்கக் கூடாது என்று விதியில் இல்லை. விரலை எடுத்துவிட்டேன். மூச்சு விட்டேன். கானல் வாய்க்கால் மெலிந்து, உலை கொதிக்க ஆரம்பிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு சுட்டது எக்ஸ்.

மொத்தம் 200-க்கு 171. ஜயித்தவர் 190-க்கு மேல். நான் கடைசியிலிருந்து ஐந்தாவது. பெரியவர் அன்று 184. அவர் என் துப்பாக்கியைத் தட்டிக்கொடுத்தார், என்னைத் தட்டிக்கொடுக்கவில்லை.

சுட்டு முடித்ததும் போல்ட்டை உருவி மனைவியிடம் நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. "இருங்கள்" என்று கைப்பையிலிருந்து நீளமாக ஒரு துணிப் பையை எடுத்தாள். போன குளிர்காலத்தில் போல்ட்டிலிருந்து எண்ணெய் கசிந்து, பீரோவிலிருந்த அரக்குப் பட்டுப் புடவையில் கறையாகிவிட்டதாம். என்னிடம் சொல்லவே இல்லை. கறைபட்ட தலைப்பை வெட்டி, உள்ளே பிளானல் வைத்து, ஜரிகைக் கரை வாய்ப்பக்கம் வரும்படி தைத்திருந்தாள். போல்ட் அதில் வாளும் உறையும் போல் போய் உட்கார்ந்தது.

பக்கத்துப் பாயில் சுட்ட ஒரு தாடிக்கார வாலிபன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். ஊர் திரும்புவதற்குள் ஏழு பைக்கு அளவு எடுத்தாகிவிட்டது. புடவைதான் போதவில்லை. அடுத்த தடவை மதுரைக்குப் போகும்போது கிழிந்த பட்டு ஏதாவது இருந்தால் எடுத்து வைக்கும்படி தன் அக்காவுக்குச் சொல்லியிருக்கிறாள்.